விஷமில்லாதது

கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. கரண்ட் இப்போதைக்கு வராது, மழை அப்படிக் கொட்டுது. அந்த மெழுகுவர்த்தியை நடுவுல வை... இன்னும் கிட்ட. ஆங், போதும்.

இது என்கூட வேலை பாக்குறவளோட அத்தைக்கு நடந்தது. அதாவது, அவ மாமா கட்டிக்கிட்டவங்க. நானே ஒரு தடவை பாத்திருக்கேன். அதிர்ந்து பேச மாட்டாங்க. பொய் சொல்ற ஆளே இல்லைன்னு முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும்... அப்படித்தான் நானும் நினைச்சேன்.

சாயங்காலம் ஆறே கால் மணி. குளிர் காலம், அதுக்குள்ள இருட்டிடுச்சு. அத்தை வேலை பாத்தது ஒரு மியூசியத்துல. அங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக ஒரே ஒரு ரோடு. ஒரு பக்கம் நீளமா காம்பவுண்ட் சுவர், இன்னொரு பக்கம் மூடிப்போன குடோனுங்க. ஒரு விளக்கு எரியும், அடுத்தது எரியாது. ஆள் நடமாட்டமே கிடையாது. கைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அவங்கபாட்டுக்கு நடக்கறாங்க.

பின்னாடி ஒரு சத்தம்.

தொப்... ஸ்ர்ர்ர்.

நின்னாங்க. அதுவும் நின்னுச்சு. நடந்தாங்க.

தொப்... ஸ்ர்ர்ர்... தொப்... ஸ்ர்ர்ர்...

ரோட்டோட ரோடா, தரையை ஒட்டி. எதையோ ஊனி, எதையோ இழுக்குற மாதிரி. கூடவே ஒரு வாசனை. மோட்டார் காயில் சுத்தி வார்னிஷ்ல முக்கி எடுப்பாங்க தெரியுமா? அந்த வார்னிஷ் வாசனை. சூடான செம்புக் கம்பி நெடியோட சேர்ந்து...

நாமளா இருந்தா என்ன செய்வோம்? செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டம்தான். அத்தை ஓடல. திரும்பியும் பாக்கல. அப்படியே தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. திருடி மாட்டிக்கிட்டவங்க நிப்பாங்களே, அந்த மாதிரி. பஸ் வர்ற வரைக்கும் நிமிரவே இல்ல.

ஏன்னு சொல்றேன்.

அத்தை படிச்சதே பாம்பைப் பத்தித்தான். மியூசியத்துக்கு வர்ற பிள்ளைங்க வெச்ச பேரு பாம்பு டீச்சர். அந்த வருஷம் பாம்புக்குன்னே ஒரு பெரிய கூடம் திறக்கப் போறாங்க, மொத்தப் பொறுப்பும் இவங்க தலையில. ஒரு பக்கம் எலும்புக்கூடுங்க. பாம்புக்கு ஆதியில நாலு காலும் இருந்துச்சாம். முன்னங்கால் முதல்ல போச்சு, அப்புறம்தான் பின்னங்கால். மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழ்ந்ததுக்குக் கால் இடைஞ்சலா இருந்துச்சுன்னு ஒரு கட்சி, தண்ணியில நீந்தினதாலன்னு இன்னொரு கட்சி. மலைப்பாம்புக்கு இன்னைக்கும் வால் பக்கத்துல, நகம் மாதிரி ரெண்டு துண்டு மிச்சம் இருக்கு. பழைய வீட்டுச் சாவியை யாரோ தூக்கிப் போட மனசில்லாம வெச்சிருக்கிற மாதிரி.

இன்னொரு பக்கம் சிலைங்க, படங்க. ஒரு தேசத்து ராஜா நெத்தியில படமெடுத்து நிக்கிற பாம்பு. வைத்தியரோட கோல்ல சுத்தின பாம்பு. தன் வாலைத் தானே கவ்வி வளையமா கிடக்குற பாம்பு... அதுக்கு முடிவே கிடையாதுன்னு அர்த்தமாம். இறகு வெச்ச பாம்பு, மழையைக் கூட்டிட்டு வர்ற பாம்பு. ஒரு கதையில, பொய் சொல்லிக் கெடுத்ததுக்காக இனிமே வயித்தால ஊர்ந்து போன்னு சாபம் வாங்கின பாம்பு.

இதையெல்லாம் அத்தை முதமுதல்ல யார்கிட்ட சொல்லிப் பாத்தாங்க தெரியுமா? அவங்க அண்ணன்கிட்ட.

அப்பா அம்மா சீக்கிரமே போயிட்டாங்க. அண்ணனும் தங்கச்சியும்தான். அண்ணனுக்குப் பொறந்ததுலேர்ந்தே ரெண்டு காலும் வராது. சைக்கிள் டயரை வெட்டி முழங்கையில வார் போட்டுக் கட்டிக்குவார். முழங்கையை ஊனி, உடம்பை இழுத்து, வீடு முழுக்கப் போவார். தொப், ஸ்ர்ர்ர். கொல்லைக் கதவு வரைக்கும் அவர் போற வேகத்துக்கு இவங்க ஓடணும். பின்னாடி அறையில உக்காந்து மோட்டார் காயில் சுத்துவார். அந்தத் தெருவுல ஓடுற மிக்ஸி, ஃபேன், பம்பு எல்லாத்துக்கும் உயிர் குடுத்தது அவர் கைதான். தங்கச்சியைப் படிக்க வெச்சதும் அதே கைதான்.

ராத்திரி இவங்க பாடம் படிக்கிறப்போ அவர் கம்பி சுத்திக்கிட்டே கேப்பார்.

"அப்போ கால் இருந்த பாம்புதான் பழைய காலத்து ஆளு. கால் இல்லாததுதான் புது மாடல். அப்படித்தானே குட்டி?"

"அப்படி வெச்சுக்கலாம்ணா."

"அப்போ நான்தான் முன்னாடி போறேன். நீயெல்லாம் மெதுவா வா."

அப்படி ஒரு ஆளு. இன்னொரு நாள் கேட்டிருக்கார். "நீ சொல்ற எல்லா ஊர்லயும் ஒண்ணு அதைக் கும்பிடுறான், இல்லாட்டிக் கம்பை எடுத்து அடிக்கிறான். நடுவுல ஒண்ணுமே இல்லையா? வந்தியா, வா, உக்காருன்னு சொல்ற ஒரு ஊர் கூடவா கிடையாது?"

அத்தை தேடிப் பாத்துச் சொல்றேன்னு சொன்னாங்க. தேடல.

படிப்பு முடிஞ்சு, மியூசியத்துல வேலை கிடைச்சுது. வேலை வாங்கிக் குடுத்தவர் அவங்க புரொஃபசர். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம், அவரும் கூடப் படிச்ச நாலஞ்சு பேரும் வீட்டுக்கு டீ குடிக்க வர்றோம்னாங்க. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். காலையிலேயே சவரம் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, டயர் வாரை ஈரத் துணியால துடைச்சு வெச்சிருக்கார்.

வாசல்ல கார் சத்தம் கேட்டுச்சு. அத்தைக்கு என்ன ஆச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. நேரா போயி, பின்னறைக் கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டாங்க. காத்துல அடிச்சுக்குதுன்னு வாய்க்குள்ள ஒரு காரணம் வேற. யாருக்குச் சொன்னாங்களோ.

வந்தவங்க உக்காந்தாங்க. டீ ஆச்சு. பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்போ பின்னறையில இருந்து...

தொப்... ஸ்ர்ர்ர்... தொப்... ஸ்ர்ர்ர்...

கதவு வரைக்கும் வந்து நின்னுச்சு. தாழ்ப்பாள் லேசா ஆடுச்சு.

புரொஃபசர் டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "என்னம்மா அது, உள்ள?" அப்படின்னார்.

அத்தை வாயில இருந்து வந்துச்சு. "பாம்பா இருக்கும் சார். பின்னாடி ஒரே புதர்."

எல்லாரும் சிரிச்சாங்க. பாம்பு படிச்சவ வீட்டுல பாம்பு வராம என்ன வரும்னு ஒருத்தன். புரொஃபசருக்கு விளையாட்டு ஏறிப்போச்சு. "சத்தத்தை வெச்சே சொல்லு பாப்போம். என்ன பாம்பு?"

பரீட்சையில கேட்ட மாதிரி இவங்க பதில் சொல்லியிருக்காங்க. "விஷமில்லாததுதான் சார். எலிக்காக வரும். ஒண்ணும் செய்யாது."

கதவுக்கு அந்தப் பக்கம் அவர். நடுவுல ஒரு பலகை அவ்வளவுதான்.

அப்புறம் சத்தமே வரல. வந்தவங்க போற வரைக்கும் மூச்சு விடுற சத்தம் கூட இல்ல.

கார் கிளம்பினதும் அத்தை கதவைத் திறந்தாங்க. அவர் தன் இடத்துல உக்காந்து, இஸ்திரி போட்ட சட்டையோட, காயில் சுத்திக்கிட்டு இருந்தார். தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

"போயிட்டாங்களா?"

"ம்."

"விஷமில்லாததுன்னு சொன்னியே... அந்த மட்டும் சந்தோஷம்."

சொல்லிட்டுச் சிரிச்சார். நிஜமாவே சிரிச்சார். அதான் அத்தையால தாங்க முடியல. திட்டியிருந்தா அழுதிருக்கலாம். மன்னிச்சுக்கோண்ணான்னு ஒரு வார்த்தை... அடுத்த நாள் கேக்கலாம்னு விட்டாங்க. அடுத்த நாள் அவர் வழக்கம்போல பேசினார். கேக்கறதுக்கு இடமே வெக்கல. ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் அந்த வீட்டுல யார் வந்தாலும், கதவைத் தட்டுறதுக்கு முன்னாடியே அவர் பின்னறைக்குப் போயி தன் கையாலயே கதவைச் சாத்திக்குவார். ஆள் போனதும், "வரலாமா?"ன்னு உள்ளேருந்து கேப்பார்.

ஒரு தடவை கூட அத்தை, "ஏன்ணா சாத்துற?"ன்னு கேக்கல. வசதியா இருந்துச்சே.

சில வருஷம் கழிச்சு அத்தை எங்கயோ வெளியூர்ல ஒரு கூட்டத்துல பேசிக்கிட்டு இருக்கறப்போ, அவர் தூக்கத்துலயே போயிட்டார். பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரியும். எல்லாம் முடிச்சுட்டு ஆபீசுக்கு வந்தாங்க. ஏன் லீவுன்னு கேட்டதுக்கு, "வீட்ல குடியிருந்தவர் ஒருத்தர் தவறிட்டார்"னு சொன்னாங்க.

குடியிருந்தவர்.

அப்புறம் கல்யாணம் ஆச்சு. கட்டிக்கிட்ட மாமா சாகுற வரைக்கும் அவருக்கு ஒரு மச்சினன் இருந்த விஷயமே தெரியாது. பாருங்க, செத்த மனுஷனைக் கூட எத்தனை தடவை ஒளிச்சு வெக்க முடியுது.

சரி, கூடத்துக்கு வருவோம். வேலை பாதி ஆயிருக்கு, தரையெல்லாம் சிமெண்ட் தூசி. ஒருநாள் காலையில கூட்டிப் பெருக்குற அக்கா ஓடி வந்து, "மேடம், உள்ள நிஜப் பாம்பே புகுந்திருக்கு, தடம் கிடக்குது"ன்னாங்க. அத்தை போயிப் பாத்தாங்க. பாம்புத் தடம் அவங்களுக்குத் தெரியாததா? பொதுவா பாம்பு போனா வளைஞ்சு போகும். இது நேரா போயிருக்கு. நடுவுல அகலமா ஒரு இழுப்பு. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வட்டமா பள்ளம். குனிஞ்சு பாத்தா... பள்ளத்துக்குள்ள சைக்கிள் டயர்க் கோடு.

மலைப்பாம்பு எலும்புக்கூடு இருந்த கண்ணாடிப் பெட்டி வரைக்கும் போயி நின்னிருக்கு. அந்தக் கால் மிச்சம் இருக்குற பக்கமா.

அத்தை என்ன செஞ்சாங்க தெரியுமா? அந்த அக்கா வாட்ச்மேனைக் கூப்பிடப் போன நேரத்துல, மண்டி போட்டு, தன் துப்பட்டாவால அந்தத் தடத்தை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் துடைச்சுட்டாங்க. யாரும் பாத்துடக் கூடாதுன்னு. எழுந்து நின்னப்புறம்தான் உறைச்சுது. மறுபடியும் அதையேதான் செஞ்சிருக்கோம்.

அன்னைக்குச் சாயங்காலம்தான் ரோட்டுல அந்தச் சத்தம். அதுக்கப்புறம் தினமும். பஸ் ஸ்டாப் வரைக்கும் வரும். பஸ் ஏறினதும் நின்னுடும்... படி ஏற முடியாது இல்ல.

திறப்பு விழா வந்துச்சு. பட்டப்பகல், பதினொரு மணி. கூடம் நிறைய ஆளுங்க. சிறப்பு விருந்தினர் யாரு? அதே புரொஃபசர். வயசாயிடுச்சு, ஆனா ஞாபகம் அப்படியே இருக்கு. மைக்கைப் பிடிச்சார்.

"இந்தப் பொண்ணு வீட்டுக்கு ஒருநாள் டீ குடிக்கப் போனோம். உள்ளே பாம்பு. சத்தத்தை மட்டும் வெச்சு, விஷமில்லாததுன்னு சொன்னா பாருங்க. அன்னைக்கே முடிவு பண்ணேன், இவதான் சரியான ஆளுன்னு."

ஒரே கைதட்டல். அத்தை மேடையில உக்காந்திருக்காங்க. அவங்க முதுகுக்குப் பின்னாடி ஸ்டோர் ரூம் கதவு. சாத்தியிருக்கு. கைதட்டல் அடங்குற நேரம்...

தொப்... ஸ்ர்ர்ர்... தொப்... ஸ்ர்ர்ர்...

மேடையில இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. வார்னிஷ் வாசனை வேற. புரொஃபசர் திரும்பிப் பாத்துட்டு மைக்கிலேயே சொன்னார். "பாருங்க, இங்கயும் வந்துடுச்சு."

ஜனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. அத்தை எழுந்துக்கணும். ரெண்டு எட்டு வெச்சு அந்தக் கதவைத் திறக்கணும். இத்தனை வருஷம் கழிச்சு, இத்தனை பேருக்கு முன்னாடி, இதைவிட ஒரு சந்தர்ப்பம் யார் குடுப்பா? அவங்க முழங்கால் கூட அசைஞ்சுதாம்.

ஆனா... சிரிச்சாங்க. எல்லாரோடயும் சேர்ந்து அத்தையும் சிரிச்சாங்க.

உள்ள ஒரு 'தொப்' கேட்டுச்சு. அதுக்கப்புறம் வர வேண்டிய 'ஸ்ர்ர்ர்' வரல.

அவ்வளவுதான். அன்னைக்கு ரோட்டுல சத்தம் இல்ல. மறுநாளும் இல்ல. மாசக்கணக்கா இல்ல. நிம்மதின்னு நினைக்கிறீங்களா? அத்தை அந்த ரோட்டுல வேணும்னே மெதுவா நடப்பாங்களாம். செருப்பு வார் அறுந்த மாதிரி குனிஞ்சு நிப்பாங்களாம். பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிப்பாங்களாம். ஒண்ணும் வராது. பேய் வருதேன்னு அழுறவங்களைப் பாத்திருக்கோம். வரலையேன்னு அழுதவங்களைக் கேள்விப்பட்டிருக்கீங்களா?

அப்புறம் ஒரு மழை நாள். மியூசியம் கேண்டீனுக்கு காஸ் சிலிண்டர் போட வந்தவர், மழை விடட்டும்னு கூடத்துக்குள்ள சும்மா சுத்திப் பாத்துக்கிட்டு இருந்தார். மலைப்பாம்பு எலும்புகிட்ட நின்னு, "பாவம்ங்க, கால் போனப்புறம் இது என்ன பாடு பட்டிருக்கும்?"னார். சாதாரணமாத்தான் கேட்டார். அத்தை எப்பவும் சொல்ற பாடத்தைத்தான் ஆரம்பிச்சாங்க. இத்தனை விலா எலும்பு இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு கால் மாதிரி... அப்படிச் சொல்லிக்கிட்டே வந்தவங்க, வாய் தானா வேற பக்கம் போயிடுச்சு.

"எங்க அண்ணனும் தரையிலதாங்க போவார். கால் வராது. ரொம்ப வேகமா போவார்."

"அப்படிங்களா. என்ன வேலை பாக்குறார்?"

"காயில் சுத்துறார்."

"நல்ல வேலைங்க. கை ஓடணும் அதுக்கு" அப்படின்னுட்டு அவர் மழை விட்டுடுச்சான்னு பாக்கப் போயிட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்ல. அத்தை அங்கேயே தரையில உக்காந்து, கண்ணாடியில தலையைச் சாச்சு அழுதிருக்காங்க. இவ்வளவுதானா? இதைச் சொல்ல இவ்வளவு நேரமான்னு.

அன்னைக்கு ரோட்டுல ஒண்ணும் கேக்கல. யாருமில்லாத வீட்டுக்குப் போயிக் கதவைத் திறந்தா... உள்ளே வார்னிஷ் வாசனை.

இனிமே நான் சொல்றது என்கூட வேலை பாக்குற அந்த ஃப்ரெண்டு நேர்ல பாத்தது. வேலை விஷயமா அந்தப் பக்கம் போனவ, அத்தையைப் பாத்து ரொம்ப நாள் ஆச்சேன்னு வீட்டுக்குப் போயிருக்கா. அப்பதான் அத்தை இவ்வளவையும் இவகிட்ட சொன்னாங்க. சொந்தத்துல வேற யாருக்கும் தெரியாது. தட்டுத் தடுமாறி, தரையைப் பாத்துக்கிட்டேதான் சொன்னாங்களாம். டீ ஆறிப்போச்சு. வெளியே வெளிச்சம் போயிடுச்சு, லைட்டைப் போடணும்னு ரெண்டு பேருக்கும் தோணல.

உள்ளறைக்குக் கதவு கிடையாது. கழட்டிட்டாங்களாம். தரை வரைக்கும் ஒரு திரை மட்டும் தொங்குது.

அந்தத் திரைக்குப் பின்னாடி...

தொப்... ஸ்ர்ர்ர்...

இவ சட்டுன்னு எழுந்துட்டா. அத்தை முகம் மட்டும் மலர்ந்துச்சாம். "அண்ணன்தான்"னு சொன்னாங்க, பேப்பர்காரர் வந்திருக்கார்ங்கிற மாதிரி. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி, "வாண்ணா. யாரும் இல்ல, நம்ம வீட்டுப் பொண்ணுதான். வந்து உக்காரு."

திரை அசையல. மேல அசையல. அடியில... தரையிலேர்ந்து ஒரு முழ உயரத்துல... துணி மெதுவா வெளிப்பக்கமா புடைச்சுது. தலை முட்டுற மாதிரி.

என் ஃப்ரெண்டு பையைத் தூக்கினா. "போன் வருது அத்தை, அவசரமா போகணும்"னா. போன் அடிக்கவே இல்ல. அத்தைக்கும் அது தெரியும். தலையை மட்டும் ஆட்டினாங்க. இவளைத் தடுக்கவும் இல்ல. இன்னைக்கும் இவ இதைச் சொல்றப்போ பயந்தேன்னு சொல்ல மாட்டா. "ஆசையா பாக்க வந்த மனுஷன்... நானும் பொய் சொல்லிட்டு ஓடினேன்டி"ன்னுதான் சொல்வா. சொல்லிட்டு நம்ம முகத்தைப் பாக்க மாட்டா.

வாசல்ல நின்னு செருப்பு மாட்டுறா. அவசரத்துல பக்கிள் மாட்டவே மாட்டேங்குது. ஜன்னல் திறந்திருக்கு. உள்ளே அத்தை பேசுறது கேக்குது, தணிஞ்ச குரல்ல.

"விடுண்ணா. சின்னப் பொண்ணு. பயந்துட்டா."

அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல். ரொம்ப அமைதியா... தரைக்குப் பக்கத்துல இருந்து.

"பரவால்ல குட்டி. நானே போயிப் பாத்துட்டு வர்றேன். அவ வீட்டுல படிக்கட்டு இருக்கா?"

என் ஃப்ரெண்டு குடியிருக்கிறது தரைத் தளம்.